ஜேசிபி, ஹிட்டாச்சி ஆபரேட்டர் ஆக: பயிற்சி மையமா, ஹெல்பர் வேலையா?

கம்பம்_19
வணக்கம் அண்ணன்மார்களே. பிளஸ் டூ முடிச்சிருக்கேன், வயசு 19, கார் லைசன்ஸ் இருக்கு. முதல்ல ஜேசிபி, அப்புறம் ஹிட்டாச்சி ஓட்டணும்னு ஆசை. ஒரு பயிற்சி மையத்துல "30 நாள்ல ரெண்டும் கத்துத் தர்றோம், சான்றிதழ் உண்டு, வேலை உறுதி"ன்னு சொல்றாங்க. வீட்ல, வண்டி வாடகைக்கு விடுற ஓனர் ஒருத்தர்கிட்ட ஹெல்பரா போகச் சொல்றாங்க. எது சரி? மையத்துல சேர்றதுன்னா என்னென்ன கேட்டுக்கணும்? லைசன்ஸ் தனியா எடுக்கணுமா?

சீட்_நேரம்
தம்பி, கட்டணத்தைக் கேட்பதற்கு முன்னால் இரண்டு கேள்வி கேளுங்கள். ஒரு வண்டிக்கு எத்தனை பேர்? வண்டி ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் ஓடும்?

30 நாள் என்றால் ஞாயிறு போக 26 நாள். ஒரு வண்டிக்கு 20 பேர், தினமும் 6 மணி நேரம் ஓடுகிறது என்று வையுங்கள். ஒருவருக்கு 18 நிமிடம். 26 நாளும் தவறாமல் வந்தாலும் 8 மணி நேரம் முழுசாகத் தேறாது. அதையே ஜேசிபிக்கும் ஹிட்டாச்சிக்கும் பிரித்தால் வண்டிக்கு 4 மணி நேரம்கூட இல்லை. லீவர் எந்தப் பக்கம் தள்ளினால் எது அசையும் என்று கைக்குப் பதிவதற்கே அது போதாது. ஒரு வண்டிக்கு 4 பேர் என்றால் தினமும் ஒன்றரை மணி நேரம் கிடைக்கும், மொத்தம் 39 மணி நேரம். அதில் ஒரு வண்டியை அடிப்படை அளவுக்குக் கற்றுவிடலாம்.

அதனால் "எத்தனை நாள்" என்ற கணக்கை விட்டுவிடுங்கள். உங்கள் பெயருக்கு நேரே, வண்டி ஓடிய நேரத்தைக் காட்டும் ஹவர் மீட்டரின் தொடக்க எண்ணும் முடிவு எண்ணும் தினமும் குறிப்பேட்டில் ஏறுமா என்று கேளுங்கள். முந்தைய பேட்ச் குறிப்பேட்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்கினால் அங்கே சேர வேண்டாம்.

அடுத்து மைதானத்தைப் பாருங்கள். நேற்று தோண்டி மூடிய அதே பொலபொல மண்ணை இன்றும் தோண்டினால் கை பழகும், மண் பழகாது. இறுகிய சரளையில் பக்கெட் பல்லை எந்தக் கோணத்தில் இறக்குவது என்பது தொடாத தரையில்தான் தெரியவரும். சிமுலேட்டர் இருந்தால் நல்லது, முதல் சில நாள் லீவர் குழப்பம் டீசல் செலவில்லாமல் தீரும். ஆனால் வண்டி சாயும்போது இடுப்புக்குத் தெரியும் உணர்வு சிமுலேட்டரில் வராது. சிமுலேட்டர் நேரத்தையும் வண்டி நேரத்தையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொன்னால் பிரித்துக் கேளுங்கள்.

சான்றிதழ்: இந்தத் துறைக்கென்று உள்கட்டமைப்பு உபகரணத் திறன் கவுன்சில் இருக்கிறது, தேசியத் திறன் மேம்பாட்டுக் கழகத்தின் கீழ் வருவது. பேக்ஹோ லோடர் (நாம் ஜேசிபி என்பது), எக்ஸ்கவேட்டர் (ஹிட்டாச்சி என்பது) இரண்டுக்கும் தனித்தனித் தகுதி உண்டு. வெளியிலிருந்து மதிப்பீட்டாளர் வந்து எழுத்து, வாய்மொழி, செய்முறை மூன்றையும் பார்க்க வேண்டும். மையம் தன் லெட்டர்பேடில் அடித்துத் தருவது அந்தச் சான்றிதழ் இல்லை. எந்தத் தகுதி, எந்த நிலை, யார் மதிப்பிடுவது என்று எழுத்தில் வாங்குங்கள்.

கிரீஸ்_கன்
மேலே சொன்ன கணக்கு சரிதான். அதனாலதான் நான் ஹெல்பர் வழியைச் சொல்வேன். மையத்துல சீட்ல உட்கார மட்டும் சொல்லித் தருவாங்க. வண்டியை உயிரோட வெச்சிருக்கிறது எப்படின்னு கத்துக்கிற இடம் ஹெல்பர் வேலைதான்.

காலையில ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி செய்யுற சுற்று மட்டும் ஒழுங்கா கத்துக்கோ தம்பி, எந்த ஓனரும் உன்னை விடமாட்டார். வண்டி சமதளத்துல, பக்கெட் தரையில, இன்ஜின் ஆஃப். இன்ஜின் ஆயில் டிப்ஸ்டிக்ல இரண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கணும். கூலன்ட் மூடியை சூடா இருக்கும்போது திறக்கவே கூடாது. ஹைட்ராலிக் ஆயிலைக் கண்ணாடியில பார்க்கும்போது பூம் (வண்டியோட பெரிய கை), ஆர்ம் (அதோட நுனியில இருக்கிற சின்னக் கை) எந்த நிலையில இருக்கணும்னு அந்த வண்டி மேனுவல்ல படம் போட்டிருக்கும், அதே நிலையில நிறுத்திப் பாரு. பூமைத் தூக்கி வெச்சுப் பார்த்தா அளவு குறைஞ்ச மாதிரி தெரியும், அதை நம்பி ஊத்துனா பிறகு டேங்க் வழியும். டீசல் வாட்டர் செபரேட்டர்ல தண்ணி போயி சுத்த டீசல் வர்ற வரைக்கும் திறந்துவிடு. கேன்ல டீசல் கொண்டு வர்ற சைட்ல இதை ஒருநாள் விட்டாலும் இன்ஜெக்டருக்கு ஆபத்து.

கிரீஸ் 10 மணி நேரத்துக்கு ஒருதடவை. பழைய கறுப்பு கிரீஸ் வெளிய வந்து புதுசு தெரியுற வரைக்கும் அடிக்கணும். ஜேசிபியில பின்பக்கம் பூம் திரும்புற கிங்போஸ்ட் பின்களை நிறைய பேரு விட்டுடுவாங்க, கை எட்டாது. அங்க புஷ் தேய்ஞ்சா பக்கெட் நுனி ஆடும், நேர்க்கோட்டுல காவா வெட்ட முடியாது. குளம், கண்மாய் வேலைன்னா பக்கெட் பின் தண்ணிக்குள்ள போயிட்டே இருக்கும், அன்னிக்கு மத்தியானமும் ஒருதடவை அடிக்கணும்.

ஏர் ஃபில்டரை டயர்ல தட்டி சுத்தம் பண்றதைப் பார்த்தா அதைக் கத்துக்காதே. மடிப்பு நசுங்கி ஓரம் விட்டுப்போகும், தூசி நேரா டர்போவுக்குள்ள. வெளி எலிமென்டை உள்ளிருந்து வெளியே குறைஞ்ச காத்துல ஊதணும். உள் எலிமென்டை ஊதவே கூடாது, மாத்தத்தான் வேணும்.

சாலை_விதி
ஹெல்பர் வேலைக்கு நானும் எதிரி இல்லை. ஆனால் அதில் நடப்பது என்ன? ஆபரேட்டர் சாப்பிடப் போகும்போது ஹெல்பர் சீட்டில் ஏறுகிறான். லைசன்ஸ் இல்லை, பக்கத்தில் ஆள் இல்லை. அந்த நேரத்தில் ஒருவர் மேல் பக்கெட் பட்டால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது ஓட்டியவரின் லைசன்ஸ் வகையைத்தான். அது சரியில்லை என்றால் சுமை ஓனர் தலையில் விழும், வழக்கு பையன் மேல்.

லைசன்ஸ் கேள்விக்கு: மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இல் "கட்டுமான உபகரண வாகனம்" என்று தனி விளக்கம் இருக்கிறது. ரப்பர் டயர், ரப்பர் பேட் அல்லது இரும்பு டிரம் சக்கரத்தில் தானே ஓடும் லோடர், பேக்ஹோ, ரோலர், மோட்டார் கிரேடர், மொபைல் கிரேன் போன்றவை அதில் வரும். சாலையில் ஓடுவது அவற்றின் முக்கிய வேலை இல்லை என்பதால் அவை போக்குவரத்து அல்லாத வாகனம் என்றே வகைப்படுத்தப்பட்டிருக்கின்றன. ஆகவே 18 வயது நிறைந்திருந்தால் விண்ணப்பிக்கத் தடையில்லை.

லைசன்ஸுக்கு விண்ணப்பிக்கும் சாரதி தளத்தில் லோடர்-எக்ஸ்கவேட்டர், கிரேன், ஃபோர்க்லிஃப்ட், ரோடு ரோலர், போரிங் ரிக் என்று வகைகள் தனித்தனியாக இருக்கும். ஏற்கெனவே கார் லைசன்ஸ் இருப்பதால் "வகை சேர்ப்பு" என்பதில் விண்ணப்பியுங்கள். முதலில் எல்எல்ஆர். அது 6 மாதம் செல்லும், 30 நாள் கழித்துத் தேர்வுக்குப் போகலாம். தேர்வுக்கு அந்த வகை வண்டியையே கொண்டுபோக வேண்டும். பயிற்சி மையம் வண்டி தருமா, அதற்குத் தனியாகப் பணம் கேட்குமா என்பதைச் சேரும் முன்பே பேசி முடியுங்கள்.

"ஜேசிபி 7,500 கிலோவுக்குள்தான் இருக்கு, கார் லைசன்ஸே போதும்" என்று பலர் சொல்வார்கள். ஜேசிபி 3டிஎக்ஸ் மாடலின் எடை அந்த வரம்பை ஒட்டித்தான் நிற்கிறது. வேறு பக்கெட்டோ பாறை உடைக்கும் பிரேக்கரோ மாட்டினால் கணக்கு மாறும். தனி வகை சேர்க்க ஆகும் செலவு மிகக் குறைவு. இதில் வாதம் செய்து வேலையைப் பணயம் வைக்காதீர்கள்.

தென்காசி_குவாரி
செயின் வண்டிக்கு ஆர்டிஓ பதிவே கிடையாது, லோபெட் லாரியில் ஏற்றித்தான் போகும். அதனால் ஹிட்டாச்சி ஓட்ட லைசன்ஸ் தேவையில்லை என்பது சைட்டில் பொதுவான பேச்சு. நேராக ஹிட்டாச்சியில் ஏறிவிடலாமே?

சாலை_விதி
சாலை லைசன்ஸ் வேறு, வேலையிடத் தகுதி வேறு. குவாரிக்கும் சுரங்கப் பாதுகாப்புச் சட்டம்தான் பொருந்தும். அங்கே 1966-ஆம் ஆண்டு சுரங்கத் தொழிற்பயிற்சி விதிகளின்படி பயிற்சி முடித்திருக்க வேண்டும், ஆரம்ப மருத்துவப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும், சுரங்க மேலாளர் எழுத்து மூலம் அனுமதித்தவர்தான் கனரக இயந்திரத்தில் ஏறலாம். நெய்வேலி போன்ற பெரிய சுரங்கத்திலும் சின்னக் கல்குவாரியிலும் சட்டம் ஒன்றுதான். மெட்ரோ, தேசிய நெடுஞ்சாலை, காற்றாலை மாதிரிப் பெரிய ஒப்பந்தங்களில் திறன் சான்றிதழும் ஓட்டுநர் லைசன்ஸும் இரண்டும் இல்லாமல் கேட் பாஸ் கிடைப்பது கஷ்டம்.

சீட்_நேரம்
இனி கற்கும் வரிசை. எந்த மையமானாலும் எந்த மேஸ்திரியானாலும் இந்த ஒழுங்கில் சொல்லித் தருகிறார்களா என்று பாருங்கள்.

முதலில் இன்ஜின் ஆஃபில் லீவர். எக்ஸ்கவேட்டரில் இன்று பெரும்பாலும் ஐஎஸ்ஓ முறை. இடது ஜாய்ஸ்டிக்கை முன்னால் தள்ளினால் ஆர்ம் வெளியே, பின்னால் இழுத்தால் உள்ளே, இடம் வலம் தள்ளினால் சுவிங், அதாவது வண்டியின் மேல்பாகம் சுழலும். வலதை முன்னால் தள்ளினால் பூம் இறங்கும், இழுத்தால் ஏறும். இடப்பக்கம் பக்கெட் சுருளும், வலப்பக்கம் கொட்டும். எஸ்ஏஇ என்ற இன்னொரு முறையில் பூமும் ஆர்மும் கை மாறியிருக்கும். ஜேசிபி பின்பக்க லீவர் இன்னொரு வகை. அதனால் தெரியாத வண்டியில் ஏறினால் ஒட்டியிருக்கும் படத்தைப் பாருங்கள், சுற்றிலும் ஆள் இல்லாத இடத்தில் குறைந்த ஆர்பிஎம்மில் ஒவ்வொரு லீவரையும் மெல்ல அசைத்துப் பாருங்கள். அனுபவக்காரர் கை தவறுவதும் இங்கேதான். அவசரத்தில் கை பழைய முறைக்கே போகும்.

அடுத்தது தரை மட்டம் இழுப்பது. பக்கெட் நுனி தரையைத் தொட்டுக்கொண்டு 3 மீட்டர் நேராக வர வேண்டும். ஆர்மை உள்ளே இழுக்கும்போது, அது செங்குத்துக்கு வரும்வரை நுனி கீழே இறங்கப் பார்க்கும், பூமை மெல்லத் தூக்க வேண்டும். செங்குத்தைத் தாண்டியதும் நுனி மேலே போகும், பூமை இறக்க வேண்டும். இடையில் பக்கெட்டின் அடித்தட்டு மட்டமாக இருக்க அதையும் கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்க வேண்டும். மூன்று அசைவும் ஒரே நேரத்தில். இது வராமல் அடுத்த பாடத்துக்குப் போகக் கூடாது. ஏனென்றால் காவா அடிமட்டம், சரிவு வெட்டு, லெவலிங் எல்லாமே இந்த ஒரு அசைவின் வடிவங்கள்தான்.

பிறகு நூல் கட்டி 10 மீட்டர் நீளம், 1 மீட்டர் ஆழத்தில் காவா. பக்கெட்டை ஆழமாகக் குத்தி ஒரே இழுப்பில் நிரப்பப் பார்ப்பது புதியவர் எல்லாரும் செய்வது. வண்டி முன்னால் இழுபடும், இன்ஜின் திணறும், அழுத்தம் மீறினால் திறக்கும் ரிலீஃப் வால்வு கத்தும், ஹைட்ராலிக் ஆயில் சூடாகும். மெல்லிய அடுக்காக, நீளமாக இழுத்தால் அதே பக்கெட் குறைந்த டீசலில் நிறையும். ஆர்ம் செங்குத்துக்கு முன்னால் 45 டிகிரி, பின்னால் 30 டிகிரி என்ற இடைவெளியில்தான் தோண்டும் வேகமும் விசையும் நன்றாக இருக்கும். கையை முழுக்க நீட்டி எட்டின தூரத்தில் தோண்டாதீர்கள். வண்டியை அரை மீட்டர் நகர்த்துவது சோம்பல் படும் வேலை, ஆனால் அதுதான் சரி.

சிலிண்டரைக் கடைசி எல்லைவரை ஓடவிட்டு "டொக்" என்று அடிக்க விடக் கூடாது. பக்கெட்டின் பக்கவாட்டால் மண்ணைத் தள்ளுவது, சுவிங் செய்து சுவரை இடிப்பது, பல்லைக் குத்திக்கொண்டு வண்டியை நகர்த்தி இழுப்பது, பின்பக்கத்தைத் தூக்கி வண்டியின் எடையால் குத்துவது, இவை நான்கும் பூம் வெல்டிங்கிலும் சுவிங் கியரிலும் விரிசல் தரும். இன்றைக்குத் தெரியாது. ஆயிரம் மணி நேரம் கழித்துத் தெரியும், அப்போது அந்த ஆபரேட்டர் வேறு ஓனரிடம் இருப்பார்.

அதற்குப் பிறகுதான் டிப்பர் லோடிங், சரிவு வெட்டுதல், மூடுதல், கடைசியில் லோபெட்டில் ஏற்றி இறக்குவது.

கம்பம்_19
அண்ணா, செயின் வண்டியில முன்ன பின்ன போறதுல குழப்பம் வரும்னு ஒருத்தர் சொன்னார். பெடல் தள்ளுனா முன்னாடிதானே போகும்?

தென்காசி_குவாரி
கேபின் எந்தப் பக்கம் பார்க்கிறது என்பதைப் பொறுத்தது தம்பி. செயினைச் சுற்றும் பல்சக்கரம், அதாவது ஸ்பிராக்கெட், பின்னால் இருந்தால் பெடல் தள்ளும்போது முன்னால் போகும். கேபினை 180 டிகிரி திருப்பிவிட்டால் அதே பெடல் உங்களைப் பின்னால் கொண்டுபோகும். நகர்வதற்கு முன் கீழே குனிந்து ஸ்பிராக்கெட் எங்கே என்று பார்க்கும் பழக்கம் வேண்டும். கிணற்று ஓரம், குவாரி பெஞ்ச் (படியாக வெட்டிய இடம்) விளிம்பு, கண்மாய்க் கரை இந்த மூன்று இடத்திலும் செயின் விளிம்பை நோக்கி நேராக நிற்க வேண்டும், ஸ்பிராக்கெட் பின்னால் இருக்க வேண்டும். மண் சரிந்தால் பெடலை இழுத்து உடனே பின்வாங்கலாம். செயினை விளிம்புக்கு இணையாக நிறுத்தினால் தப்பிக்க வழியில்லை.

செயின் தளர்ச்சியையும் பாருங்கள். பக்கெட்டை ஊன்றி ஒரு பக்கச் செயினைத் தூக்கி, அடியில் தொங்கும் அளவை எடுக்க வேண்டும். சரியான அளவு மேனுவலில் இருக்கும், 20 டன் வண்டியில் ஏறக்குறைய 30 செ.மீ. கரிசலில், சேற்றில் கொஞ்சம் தளர்வாக விட வேண்டும், மண் சிக்கி இறுகும். பாறையில் மேனுவல் அளவே போதும். இறுக்கக் கிரீஸ் ஏற்றுவது சுலபம். தளர்த்தும்போது அந்த வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருப்பவே கூடாது, முகத்தை நேரே வைக்கவும் கூடாது. உள்ளே இருக்கும் அழுத்தத்தில் வால்வு துப்பாக்கிக் குண்டு மாதிரிப் பறக்கும்.

பாதுகாப்பு_மேற்பார்வை
பயிற்சி என்றால் எல்லாரும் லீவரைப் பேசுகிறார்கள். உயிர் போகும் இடங்கள் வேறு. இவற்றைச் சொல்லித் தராத மையத்துக்குப் பணம் கட்ட வேண்டாம்.

மின்கம்பி. பூமைத் தூக்கும் முன் மேலே பாருங்கள். 11 கே.வி., 33 கே.வி. கம்பிக்கு 3 மீட்டருக்குள் வண்டியின் எந்தப் பாகமும் வரக் கூடாது. வேலை அதற்குள்தான் என்றால் மின்வாரியத்தில் சொல்லி இணைப்பைத் துண்டித்த பிறகுதான் வேலை. கம்பியில் பட்டுவிட்டால் கேபினிலேயே இருங்கள், ஒருவரும் கிட்டே வராதபடி கத்துங்கள், முடிந்தால் பூமை விலக்குங்கள். வண்டி தீப்பிடித்தால் மட்டும் இறங்க வேண்டும், அதுவும் குதித்து. ஒரு கால் தரையில், ஒரு கை வண்டியில் என்று இருந்தால் அந்த உடல் வழியாக மின்சாரம் இறங்கும். இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, சேர்த்தபடியே சின்னச் சின்னத் தாவலாக விலக வேண்டும். நீள அடி எடுத்து வைத்தால் இரண்டு பாதத்துக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு உண்டாகிவிடும்.

பூமிக்கடியில். ஒன்றிய அரசின் "கால் பிஃபோர் யு டிக்" செயலி 2023-இல் வந்தது. தோண்டும் முன் கேபிள், குழாய் வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு அதில் தெரிவிக்க வேண்டியது ஒப்பந்ததாரர் பொறுப்பு. ஆனால் சீட்டில் இருப்பவருக்குக் கண் வேண்டும். செம்மண்ணில் தோண்டும்போது திடீரென்று மெல்லிய ஆற்றுமணல் வந்தால், செங்கல் வரிசை வந்தால், எச்சரிக்கை நாடா வந்தால் உடனே நிறுத்துங்கள். மின் கேபிளை மணல் பரப்பி மேலே செங்கல் அடுக்கித்தான் புதைப்பார்கள். அதற்குக் கீழே மண்வெட்டிதான்.

காவாக் கரை. மத்தியப் பொதுப்பணித் துறை ஒப்பந்தங்களில் உள்ள பாதுகாப்பு விதி: 1.5 மீட்டரும் அதற்கு மேலும் ஆழமான காவாயின் பக்கங்களைப் படியாகவோ சரிவாகவோ வெட்ட வேண்டும், இல்லாவிட்டால் பலகை அடைக்க வேண்டும். தோண்டிய மண்ணை விளிம்பிலிருந்து 1.5 மீட்டர் அல்லது ஆழத்தில் பாதி, எது அதிகமோ அந்தத் தூரத்துக்கு அப்பால் கொட்ட வேண்டும். நடைமுறையில் ஆபரேட்டர் சுவிங் குறைய வேண்டும் என்று விளிம்பிலேயே குவிக்கிறார். அந்தக் குவியல் எடைதான் கரையை உள்ளே தள்ளுகிறது. கீழே குழாய் இணைக்கும் தொழிலாளி நிற்கிறார். மழைக்குப் பிறகு கரிசலில் கரை நேராக நிற்பது போலத் தெரியும். காய்ந்து வெடித்த பிளவு வழியாகத் தண்ணீர் இறங்கியிருந்தால் ஒரு பலகையாகவே சரியும். அப்படிப்பட்ட காவாய்க்குள் ஆளை இறக்கச் சொன்னால் ஆபரேட்டர் வேலையை நிறுத்தலாம், நிறுத்த வேண்டும்.

சுவிங் வட்டம். வண்டியின் பின்னால் இருக்கும் எதிர் எடை சுழலும்போது சுவருக்கும் அதற்கும் இடையே அரை மீட்டர்கூட இல்லை என்றால் அந்த வழியில் ஆள் போகாதபடி அடைத்துவிடுங்கள். ஆள் நசுங்குவது பெரும்பாலும் பின்பக்கத்தில், ஆபரேட்டர் பார்க்காத இடத்தில்.

ஹைட்ராலிக் கசிவு. ஊசி முனைத் துளையில் ஆயில் தெளிப்பதைக் கையால் தடவிப் பார்க்காதீர்கள். அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். அந்த அழுத்தத்தில் ஆயில் தோலைத் துளைத்து உள்ளே போகும். வெளியே சின்னப் புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் அதிகம் இருக்காது. சில மணி நேரத்துக்குள் அறுவை சிகிச்சை நடக்காவிட்டால் விரலை, கையை எடுக்க வேண்டி வரும். மருத்துவரிடம் "ஹைட்ராலிக் ஆயில் உள்ளே போயிருக்கிறது" என்று தெளிவாகச் சொல்ல வேண்டும்.

இறங்கும் முன் பக்கெட் தரையில், ஹைட்ராலிக் லாக் லீவர் பூட்டிய நிலையில். சட்டை ஜாய்ஸ்டிக்கில் மாட்டி பூம் அசைவது அடிக்கடி நடக்கிற விபத்து. வண்டி கவிழும்போது வெளியே குதிப்பவர்தான் அடியில் மாட்டுகிறார். பெல்ட் போட்டுக்கொண்டு சீட்டில் இருப்பவருக்குக் கேபினின் இரும்புச் சட்டகம் பாதுகாப்பு.

கிரீஸ்_கன்
ஜேசிபிக்கு ரெண்டு சேர்த்துக்கிறேன். இடது, வலது சக்கரத்துக்குத் தனித்தனி பிரேக் பெடல் இருக்கும். வயல்ல, சைட்ல சட்டுனு திருப்ப அது உதவும். ரோட்டுக்கு வர்றதுக்கு முன்னாடி ரெண்டு பெடலையும் இணைக்கிற தகட்டைப் போடணும். போடாம 30, 40 வேகத்துல ஒரு பெடலை மட்டும் மிதிச்சா வண்டி ஒருபக்கமா இழுத்துக் கவிழும். அதே மாதிரி ரோட்டுக்கு வரும்போது பின்பக்க பூம் லாக், சுவிங் லாக் பின் ரெண்டும் போட்டிருக்கணும், பின்கை நடுவுல இருக்கணும். லாக் இல்லாம பூம் பக்கவாட்டுல திரும்பினா எதிர்ல வர்ற பஸ்ஸோட சைடை அறுத்துடும்.

பின்பக்கம் தோண்டும்போது முன் பக்கெட் தரையில அழுத்தி இருக்கணும், ரெண்டு ஸ்டெபிலைசர் காலும் இறங்கி வண்டி மட்டமா நிக்கணும். இளகின மண்ணுனா காலுக்கு அடியில மரப்பலகை. வண்டி ஒரு பக்கம் சாஞ்சிருந்தா காவாவும் சாஞ்சுதான் வரும், எவ்வளவு கைத்திறமை இருந்தாலும்.

யூனிட்_கணக்கு
நல்ல ஆபரேட்டருக்கு மனக்கணக்கு வேண்டும். நம் ஊரில் மண், ஜல்லி, எம்சாண்ட் எல்லாம் யூனிட் கணக்கு, 1 யூனிட் 100 கன அடி, அதாவது 2.83 கன மீட்டர். 3டிஎக்ஸ் முன் பக்கெட் 1.1 கன மீட்டர், ஏறக்குறைய 39 கன அடி. அந்த அளவுக்கு நிரம்பினால் ஒரு யூனிட்டுக்கு இரண்டரைப் பக்கெட்டுக்குக் கொஞ்சம் மேல். தோண்டின மண் 1 கன மீட்டர் சுமார் ஒன்றரை டன் என்று வைத்தால் யூனிட்டுக்கு 4 டன்னுக்கு மேல் வரும். நனைந்த மணல் அதைவிட அதிகம். மழை பெய்த மறுநாள் அதே எண்ணிக்கை பக்கெட் போட்டால் டிப்பர் ஓவர்லோடு. இதைக் கேட்டு நிறுத்தும் ஆபரேட்டரை டிப்பர் டிரைவர்கள் மதிப்பார்கள்.

டிப்பர் நிற்கும் இடத்தை முடிவு செய்வது ஆபரேட்டர்தான். ஹிட்டாச்சி மேட்டில், டிப்பர் கீழே. மேட்டின் உயரம் டிப்பர் பாடியின் உயரத்தை ஒட்டி இருந்தால் பூமை அதிகம் தூக்க வேண்டியதில்லை. சுவிங் 90 டிகிரியைத் தாண்டாமல் வையுங்கள், 45-ஐ ஒட்டினால் இன்னும் நல்லது. முதல் பக்கெட்டில் கல் இல்லாத மண்ணைப் போட்டால் பாடித் தகடு தப்பும். டிரைவர் கேபின் மேலே பக்கெட் போகவே கூடாது, பின்பக்கமாகத்தான் சுற்றி வர வேண்டும்.

கிரஷருக்குக் கல் ஏற்றும்போது ஒரு பல் காணாமல் போனால் மறைக்காமல் அந்த நொடியே சொல்லுங்கள். அந்த இரும்பு ஜா கிரஷருக்குள் போனால் சேதம் பல்லின் விலையைப் போலப் பல மடங்கு. பல் பாதி தேய்ந்ததும் மாற்றிவிடுங்கள். முழுக்கத் தேயவிட்டால் உள்ளே இருக்கும் அடாப்டர் தேயும், பிறகு வெல்டிங் வேலை.

கம்பம்_19
ரொம்பத் தெளிவா இருக்கு. இன்னும் ரெண்டு கேள்வி. பிரேக்கர் ஓட்டத் தனியாக் கத்துக்கணுமா? சிங்கப்பூர், சவுதி போறதுன்னா இந்தச் சான்றிதழ் செல்லுமா?

தென்காசி_குவாரி
பிரேக்கர் தனிப் படிப்புதான், ஹிட்டாச்சி கை நன்றாக வந்த பிறகு. உளி பாறைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். பூமை இறக்கி அழுத்தம் கொடுத்த பிறகுதான் அடி. முன் செயின் லேசாகத் தூக்கும் அளவு போதும். ஒரே இடத்தில் அரை நிமிடம் அடித்தும் உடையவில்லை என்றால் இடத்தை மாற்றுங்கள். தொடர்ந்து அடித்தால் உளி நுனி சூடேறிக் கடினம் இழந்து காளான் மாதிரி விரியும். கல் உடைந்து உளிக்குக் கீழே ஒன்றும் இல்லாதபோது பெடலை விடாமல் இருப்பது வெற்றடி. நீள போல்ட் அறுவதும், உளியைப் பிடிக்கும் பின் உடைவதும் அதனால்தான். உளியை நெம்புகோலாகப் பயன்படுத்தாதீர்கள். கிரீஸ் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, பிரேக்கரை நேராக ஊன்றி உளி உள்ளே அழுந்திய நிலையில். படுத்த நிலையில் அடித்தால் கிரீஸ் பிஸ்டன் அடிக்கும் இடத்தில் தேங்கி சீலைக் கிழிக்கும். பிரேக்கர் வேலையில் காது அடைப்பான் இல்லாமல் ஏறாதீர்கள்.

சாலை_விதி
வெளிநாட்டுக்கு நேரடியாகச் செல்லாது, உதவும். சிங்கப்பூரில் எரிசக்திச் சந்தை ஆணையத்தின் கீழ் எக்ஸ்கவேட்டர் ஆபரேட்டர் பதிவு என்று தனியாக இருக்கிறது, நிலத்தடி மின் கேபிளைக் காப்பதற்காக. அங்கே பயிற்சி எடுத்துத்தான் அதைப் பெற வேண்டும். வளைகுடாவில் பெரிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களில் மூன்றாம் தரப்பு நிறுவனம் வண்டியில் உட்கார வைத்துத் தேர்வு வைக்கும். இந்தியச் சான்றிதழை மட்டும் காட்டி அந்தத் தேர்வைத் தவிர்க்க முடியாது. எந்த மாடல் வண்டியில் எத்தனை மணி நேரம் என்ற கையொப்பமிட்ட அனுபவக் கடிதம் அங்கே அதிகம் கேட்கப்படும். அதனால் முதல் நாளிலிருந்தே வண்டி மாடல், ஹவர் மீட்டர், வேலை வகையை ஒரு நோட்டில் எழுதி ஓனரிடம் மாதம் ஒருமுறை கையெழுத்து வாங்குங்கள். நீங்கள் பத்தாவது தேறியிருப்பதால் குடிபெயர்வுச் சோதனை தேவைப்படாத பாஸ்போர்ட் கிடைக்கும். ஆள் அனுப்புபவர் இ-மைக்ரேட் தளத்தில் பதிவு பெற்றவரா என்று உரிம எண்ணைப் போட்டுப் பார்க்காமல் ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள்.

சீட்_நேரம்
இரண்டு வழியில் ஒன்றை மட்டும் பிடிக்க வேண்டியதில்லை என்பதுதான் என் கருத்து. எல்எல்ஆருக்கு இன்றே விண்ணப்பியுங்கள். 30 நாள் எப்படியும் காத்திருக்க வேண்டும், அந்த இடைவெளியில் அந்த ஓனரிடம் ஹெல்பராகப் போய் கிரீஸ், ஃபில்டர், லோபெட் ஏற்றுவதைப் பாருங்கள், சீட்டில் ஏற வேண்டாம். பிறகு ஒரு வண்டிக்கு 4 அல்லது 5 பேர் வைத்திருக்கும் மையம் கிடைத்தால் ஜேசிபி ஒன்றுக்கு மட்டும் சேருங்கள். ஹிட்டாச்சியை அடுத்த வருடம் வைத்துக்கொள்ளலாம். அப்படி மையம் கிடைக்கவில்லை என்றால் பணத்தைக் கொட்டாதீர்கள். லைசன்ஸ் கைக்கு வந்ததும் ஓனரிடமே ஆபரேட்டர் பக்கத்தில் இருக்கத் தினமும் ஒரு மணி நேரம் சீட் கேட்டு, சில மாதம் கழித்து வேலையிலேயே கற்றதை மதிப்பிட்டுச் சான்றிதழ் தரும் முன்கற்றல் அங்கீகாரம் என்ற வழியில் மதிப்பீட்டுக்குப் போகலாம்.

கிரீஸ்_கன்
இதுக்கு நானும் உடன்படுறேன். ஓனர்கிட்ட சேரும்போது சம்பளம் எவ்வளவு, பேட்டா எவ்வளவு, டீசல் கணக்கு யார் பொறுப்பு, இந்த மூணையும் முதல்லயே பேசிடு. ஜேசிபி மணிக்கு 4 லிட்டர்ல இருந்து 6 லிட்டர் வரைக்கும் குடிக்கும், மண்ணைப் பொறுத்து. 20 டன் ஹிட்டாச்சி 12-க்கு மேல. தினமும் டேங்கை நிரப்பி, ஹவர் மீட்டரோட சேர்த்து எழுதி வை. திடீர்னு கூடினா ஏர் ஃபில்டர், ரேடியேட்டர் அடைப்பு, இல்லேன்னா பிரேக் பிடிச்சிருக்கான்னு பாரு. நோட்டு இருந்தா டீசல் திருட்டுப் பழி உன் மேல வராது.